இருள் தொடாத அடையாளங்கள்: கண்ணில்லாக் குகை வண்டுகளில் புதிய பேரினம் வகுத்தல்

ஷுவேடைட்டஸ் பெல்லஸ் என்பது தென்சீனாவின் குவாங்சிப் பகுதியில், யாவ் இன மக்களின் தன்னாட்சி மாவட்டமான துஆனில், சுண்ணாம்புக்கல் குகைக்குள் வாழும் ஒரு தரைவண்டு. நீளம் சுமார் 9 மில்லிமீட்டர். அதற்குக் கண் இல்லை, பறக்கும் சிறகும் இல்லை. தலை வழக்கத்துக்கு மாறாக நீண்டு மெலிந்திருக்கிறது. அதன் பின்னே உள்ள முன்மார்பு, தாடைகளையும் சேர்த்த தலையின் நீளத்தையும் விஞ்சி நீள்கிறது. அதற்குப் பிறகுதான் முட்டை வடிவப் பின்னுடல் தொடங்குகிறது. குவாங்சோவில் உள்ள தென்சீன வேளாண் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த குகையுயிரி ஆய்வாளர்கள் இதை முதலில் கண்டது 2015-இல். அப்போது கிடைத்தவை பெண் வண்டுகள் மட்டுமே. இப்படி ஒரு வடிவம் அதுவரை பதிவானதில்லை என்பது பார்த்த கணத்திலேயே தெரிந்திருக்கும். ஆனாலும் பெயர் சூட்டப்படவில்லை. பின்னர் ஆண் வண்டுகள் கிடைத்து, அவற்றை அறுத்துப் பார்த்த பிறகே, 2017-இல், மிங்யி தியான் தலைமையிலான குழு இதைப் புதிய இனமாகவும் புதிய பேரினமாகவும் விவரித்தது.

கண்ணுக்கு இவ்வளவு புதுமையாகத் தெரியும் ஒன்றுக்கு ஆண் வண்டு வரும்வரை ஏன் காத்திருக்க வேண்டும்? குகை வண்டுகளின் வகைப்பாட்டியல் முழுவதும் இந்தக் கேள்வியில் அடங்கியிருக்கிறது. குகைவாழ்வு ஒரு வண்டின் உடலில் எதை மாற்றுமோ அதை வைத்து அதன் உறவைச் சொல்ல முடியாது. குகை மாற்றாமல் விட்டதை வைத்தே சொல்ல முடியும்.

தரைவண்டுக் குடும்பமான கராபிடே, பூச்சிகளிலேயே பெரிய குடும்பங்களுள் ஒன்று. ஏறத்தாழ 40,000 இனங்கள் இதில் அறியப்பட்டுள்ளன. பெரும்பாலானவை இரவில் நடமாடி, பிற சிற்றுயிர்களைப் பிடித்துத் தின்னும் வேட்டையாடிகள். இக்குடும்பத்தின் பல கிளைகள் குகைக்குள் புகுந்திருந்தாலும், துஆன் வண்டும் அடங்கிய டிரெக்கினி என்ற பிரிவுக்கு நிகராக வேறெதுவும் நிலத்தடி வாழ்வில் பரவவில்லை. இதற்குக் காரணம் தற்செயல் அன்று. டிரெக்கினி வண்டுகள் பொதுவாகச் சிறியவை. குளிர்ந்த மலைக்காடுகளில் இலைமக்கின் அடியிலும் ஓடையோரக் கற்களின் கீழும் வாழ்ந்து பழகியவை. ஈரத்தை விட்டு விலகாமல், வெளிச்சத்தைத் தேடாமல், தாவரத்தைத் தின்னாமல் வாழும் ஒரு வேட்டையாடிக்குப் பாறைப் பிளவின் உட்புறம் முற்றிலும் அந்நியமான இடமல்ல. தட்பவெப்பம் மாறி மேற்பரப்பு வறண்டபோதும் வெப்பமடைந்தபோதும், பிளவுகளுக்குள் இருந்தவை தப்பின. மேலே இருந்த உறவினங்கள் அழிந்தன அல்லது வேறிடம் நகர்ந்தன. அமெரிக்க ஆய்வாளர் தாமஸ் பார் 1968-இல் விரித்துரைத்த விளக்கம் ஏறக்குறைய இதுவே. ஹவாயின் எரிமலைக் குகைகளை ஆராய்ந்த ஃபிரான்சிஸ் ஹோவர்த் வேறொரு வாய்ப்பைக் காட்டினார்: மேற்பரப்பில் நெருக்கடி எதுவும் இல்லாமலே, பயன்படுத்தப்படாமல் கிடக்கும் உணவைத் தேடி உயிரிகள் உள்ளே இறங்கலாம். இரண்டில் எது பொருந்தும் என்பதை ஒவ்வொரு நிலப்பகுதிக்கும் தனித்தனியாகத்தான் முடிவு செய்ய வேண்டியிருக்கிறது.

குகை வண்டுகளின் அறிவியல் வரலாறு இன்றைய ஸ்லோவேனியாவில் தொடங்குகிறது. போஸ்தொய்னா குகையில் 1831-இல் லூகா சேச் என்ற குகைப் பணியாளர் கண்டெடுத்த வண்டை, மறு ஆண்டு ஃபெர்டினாண்ட் ஷ்மிட் லெப்டோடைரஸ் ஹோஹென்வார்டி என்று பெயரிட்டு வெளியிட்டார். குகைக்கே உரிய உயிரியாக விவரிக்கப்பட்ட முதல் வண்டு அதுதான். ஆனால் அது தரைவண்டு அல்ல, லெயோடிடே என்ற வேறு குடும்பத்தைச் சேர்ந்தது. கண்ணில்லாத தரைவண்டு 1844-இல் வந்தது. பிரெட்யாமா குகையில் ஷ்மிட் சேகரித்த வண்டை, யாகோப் ஷ்டுர்ம் அவர் பெயராலேயே அனோஃப்தால்மஸ் ஷ்மிட்டி என்று விவரித்தார். அதே ஆண்டில், அட்லாண்டிக் கடலுக்கு அப்பால் கென்டக்கியின் மாமத் குகையிலிருந்து மருத்துவர் டெல்காம்ஃப் கொண்டுவந்த கண்ணற்ற வண்டு ஒன்றை எரிக்சன் விவரித்தார். அவர் அதையும் அனோஃப்தால்மஸ் என்ற அதே பேரினத்தில் வைத்தார்.

அன்றைய அறிவுக்கு அது நியாயமான முடிவுதான். இரண்டும் தரைவண்டுகள், இரண்டும் குகையில் வாழ்பவை, இரண்டுக்கும் கண் இல்லை. ஆனால் அந்த முடிவு நிற்கவில்லை. பிரெஞ்சு ஆய்வாளர் ரெனே ஜானெல் 1920-இல் மாமத் குகை வண்டை நியாஃபீனாப்ஸ் என்ற தனிப் பேரினத்துக்கு மாற்றினார். அமெரிக்கக் குகைகளின் வேறு பல கண்ணற்ற வண்டுகளுக்கு அவர் வைத்த பேரினப் பெயர் சூடானோஃப்தால்மஸ், அதாவது போலி அனோஃப்தால்மஸ். ருமேனிய உயிரியலாளர் எமில் ராகோவிட்சாவோடு சேர்ந்து ஐரோப்பியக் குகைகளை ஆண்டுக்கணக்கில் துருவிய ஜானெல், 1926 முதல் 1930 வரை வெளியான தம் டிரெக்கினே பெருநூலில் உலகின் டிரெக்கினி வண்டுகள் அனைத்தையும் ஒழுங்குபடுத்தினார். இன்றும் புதிய பேரினம் விவரிக்கும் எவரும் பார்க்கும் உறுப்புகளின் பட்டியல் பெரும்பாலும் அவர் வகுத்ததே.

குகை செய்யும் மாற்றங்கள் உலகெங்கும் ஏறத்தாழ ஒன்றே. கண்கள் சிறுத்து மறைகின்றன. பறக்கும் சிறகுகள் போகின்றன. மேலுறைச் சிறகுகள் இரண்டும் பல இனங்களில் ஒட்டிக்கொள்கின்றன. நிறமி குறைந்து உடல் மங்கிய தேன்பழுப்பாகிறது. கால்களும் உணர்கொம்புகளும் நீள்கின்றன. உடலெங்கும் நிற்கும் தொடுவுணர் முடிகள் நீண்டு, காற்றின் மெல்லிய அசைவையும் உணரும் கருவிகளாகின்றன. கண் ஏன் மறைகிறது என்பதற்கு இரண்டு விளக்கங்கள் உண்டு. முதலாவது, பயன்படாத உறுப்பைக் கெடுக்கும் மரபணு மாற்றங்களை இருட்டில் எதுவும் களையெடுப்பதில்லை, ஆகவே அவை குவிகின்றன என்பது. இரண்டாவது, கண்ணும் அதற்கான நரம்பு மையமும் ஆற்றலை விழுங்குபவை, உணவு அரிதான இடத்தில் அவற்றை இழந்தவையே மேலோங்குகின்றன என்பது. மெக்சிகோவின் குருட்டுக் குகைமீன் மீது 2015-இல் வெளியான அளவீடு, பார்வைக்கு ஆகும் செலவு சிறிய மீன்களின் ஓய்வுநிலை ஆற்றலில் ஏழில் ஒரு பங்கு வரை போகலாம் என்று காட்டியது. வண்டுகளில் இரண்டு வழிகளும் சேர்ந்தே இயங்கியிருக்க வேண்டும் என்று கொள்வதே பொருத்தம்.

இம்மாற்றங்களின் உச்சநிலைக்கு வல்லுநர்கள் ‘அஃபீனாப்ஸ் வடிவம்’ என்று பெயர் வைத்திருக்கிறார்கள். பிரான்சுக்கும் ஸ்பெயினுக்கும் இடையிலுள்ள பிரனீஸ் மலைக் குகைகளின் அஃபீனாப்ஸ் பேரினத்திலிருந்து வந்த பெயர் அது: ஒடுங்கி நீண்ட தலை, குறுகிய முன்மார்பு, சிலந்தியின் கால்களைப் போன்ற நீண்ட கால்கள். இதே வடிவம் பிரனீஸிலும் பால்கனிலும் கென்டக்கியிலும் தென்சீனாவிலும் தனித்தனியே தோன்றியிருக்கிறது. ஒரே தேவை ஒரே வடிவத்தைப் பல இடங்களில் செதுக்கும் இந்தக் குவிபரிணாமம்தான் வகைப்பாட்டாளருக்கு வலை. கழுத்துபோல் நீண்ட முன்மார்பை உறவின் சான்றாக எடுத்துக்கொண்டவர், ஒன்றுக்கொன்று தொடர்பில்லாத மூன்று வம்சங்களை ஒரே பேரினத்தில் அடைத்துவிடக்கூடும்.

பிரனீஸில் இது வெளிப்படையாகவே நிரூபணமாயிற்று. ஆர்னோ ஃபாய் தலைமையிலான குழு 2010-இல் வெளியிட்ட டிஎன்ஏ ஆய்வு, அம்மலையின் நிலத்தடி டிரெக்கினி வண்டுகள் அனைத்தும் ஒரே மூதாதையிலிருந்து வந்தவை என்றும், அந்தத் தோற்றம் சுமார் ஒரு கோடி ஆண்டுகளுக்கு முந்தையது என்றும் கணித்தது. அதே ஆய்வு வரைந்த உறவுமரத்தில், உருவத்தை வைத்து வகுத்திருந்த பழைய பேரினங்கள் சிதறிப்போயின. மண்ணுக்குள் வாழ்ந்து கட்டையான உடல் கொண்டவையும், ஆழ்குகையில் வாழ்ந்து மெலிந்தவையும் உறவில் கலந்து கிடந்தன. மெலிவு ஒருமுறை அல்ல, பலமுறை வந்திருக்கிறது. அந்தத் தோற்றக் காலமும் கவனிக்கத்தக்கது. பனியுகங்கள் தொடங்குவதற்கு வெகு முன்பே அந்த மூதாதைகள் நிலத்துக்குள் போய்விட்டன.

அப்படியானால் எதைப் பார்ப்பது? முதலில் வாய். கீழுதட்டின் அடித்தட்டும் அதற்குப் பின்னுள்ள தட்டும் ஒரு பொருத்துக்கோட்டால் பிரிந்திருக்கின்றனவா, ஒன்றிவிட்டனவா? அத்தட்டின் நடுப்பல் ஒற்றையா, பிளவுபட்டதா? வலத் தாடையின் உட்புறத்தில் எத்தனை பற்கள்? அடுத்து முடிகள். டிரெக்கினி வண்டின் உடல்முடிகள் தாறுமாறாக முளைத்தவை அல்ல. எந்த இடத்தில் எத்தனை என்பது பெரும்பாலும் வம்சத்துக்கு நிலையானது. மேலுறைச் சிறகின் வெளியோரத்தில், நடுவில் முடி நிற்கும் சிறு குழிகள் ஒரு வரிசையாக ஓடுகின்றன. வழக்கமாகத் தோள்பக்கம் நான்கு, நடுவில் இரண்டு, நுனிப்பக்கம் இரண்டு. தோள்பக்க நான்கும் நெருங்கி நிற்கின்றனவா, முதலாவது மட்டும் உள்ளே விலகியிருக்கிறதா, நடு இரண்டும் பின்னால் நகர்ந்துள்ளனவா என்பதையெல்லாம் நுண்ணோக்கியின் கீழ் எண்ணி, இடம் குறித்து, படம் வரைகிறார்கள். ஒரு வண்டின் வம்சம் அதன் சிறகோரத்து எட்டுக் குழிகளில் எழுதப்பட்டிருக்கலாம் என்பது இத்துறையின் மிகையற்ற உண்மை. ஆனால் முடிகளின் நீளத்தை யாரும் உறவுக்குச் சான்றாகக் கொள்வதில்லை. அது குகை நீட்டியது. முடி முளைக்கும் இடம் பழையது.

பிறகு ஆண் வண்டு. பெரும்பாலான டிரெக்கினிகளில் ஆணின் முன்காற்பாதத்தில் முதல் இரண்டு கணுக்கள் அகன்று, அடியில் ஒட்டுமுடிகள் கொண்டிருக்கும். புணரும்போது பெண்ணைப் பற்றிக்கொள்ள அவை உதவுகின்றன. சில பேரினங்களில் ஒரே கணுதான் அகன்றிருக்கும், சிலவற்றில் எதுவும் இல்லை. எல்லாவற்றிலும் முக்கியமானது புணர்ச்சியுறுப்பு. காய்ந்த மாதிரியை வெந்நீரில் இட்டு இளகச் செய்து, வயிற்றின் நுனியை நுண்ணூசியால் திறந்து, அதனுள்ளிருந்து ஒரு மில்லிமீட்டர் அளவேயான வளைந்த குழலை உருவி எடுக்க வேண்டும். பொட்டாசியம் ஹைட்ராக்சைடு கரைசல் தசையைக் கரைத்துவிட, கடினமான உறை மட்டும் தெளிந்து நிற்கும். பக்கவாட்டிலிருந்து அதன் வளைவு, நுனியின் வடிவம், உள்ளே சுருண்டிருக்கும் பையில் பதிந்த செதில்தட்டு, இருபுறமும் உள்ள பக்கமடல்களின் நுனியில் எத்தனை முடிகள் என்பவை பதிவாகின்றன. பின் அந்த உறுப்பு ஒளிபுகும் சிற்றட்டையில் ஒட்டப்பட்டு, அதே வண்டு குத்தியிருக்கும் ஊசியிலேயே செருகப்படுகிறது. நூறாண்டு கழித்து ஐயம் எழுந்தால், வண்டும் உறுப்பும் பிரியாமல் கிடைக்க வேண்டும்.

இந்த உறுப்பு வெளியுலகின் வெளிச்சத்தோடும் இருளோடும் தொடர்பில்லாதது. அதன் வடிவம் பெரிதும் அதே இனத்துப் பெண் வண்டின் உடலைச் சார்ந்தது. ஆகவேதான் குகை அதைச் சீர்ப்படுத்துவதில்லை, வம்சம் அதில் தங்கிவிடுகிறது. துஆன் வண்டு விவரிக்கப்படாமல் காத்திருந்ததன் காரணம் இதுவே. பெண் வண்டுகளை மட்டும் வைத்துப் பெயரிடுவதை விதி தடுக்கவில்லை. ஆனால் அப்படிச் செய்திருந்தால், குவாங்சியில் முன்பே அறியப்பட்ட நீள்கழுத்துப் பேரினங்களான டோங்கோடைட்டஸ், ஜிராஃபஃபீனாப்ஸ் ஆகியவற்றிலிருந்து அதைப் பிரிப்பதற்கான முதன்மைச் சான்று இல்லாமல் போயிருக்கும். அவ்விரு பேரினங்களையும் 1993-இலும் 2002-இலும் விவரித்தவர் பாரிஸ் இயற்கை வரலாற்று அருங்காட்சியகத்தின் தியெரி டூவ். இரண்டாவதன் பெயரிலேயே ஒட்டகச்சிவிங்கி இருக்கிறது. கழுத்தின் நீளம் மட்டும் போதுமென்றால் துஆன் வண்டும் அதில் ஒன்றாகிப்போயிருக்கலாம்.

பெயர் செல்லுபடியாகப் பன்னாட்டு விலங்கியல் பெயரிடல் விதித்தொகுப்பின் நிபந்தனைகள் சில நிறைவேற வேண்டும். 2000 சனவரி 1 முதல் நடைமுறையில் இருப்பது அதன் நான்காம் பதிப்பு. புதிய பெயர் என்பதைக் கட்டுரையில் வெளிப்படையாகக் குறிக்க வேண்டும், வேறுபடுத்தும் பண்புகளைச் சொற்களில் தர வேண்டும். இனத்துக்கு ஹோலோடைப் எனப்படும் மூலமாதிரி ஒன்றைத் தேர்ந்து, அது எந்தச் சேகரிப்பகத்தில் இருக்கிறது என்று அறிவிக்க வேண்டும். பேரினத்துக்கு மூலமாதிரி ஒரு வண்டு அல்ல, ஓர் இனம். பின்னாளில் அந்தப் பேரினம் எத்தனை துண்டாக உடைந்தாலும், பெயர் அந்த இனம் இருக்கும் துண்டோடுதான் போகும். இனப்பெயர் பெயரடையானால் பேரினப் பெயரின் இலக்கணப் பாலோடு இசைய வேண்டும். அழகிய என்று பொருள்படும் இலத்தீன் சொல், துஆன் வண்டில் ஆண்பால் வடிவில் பெல்லஸ் என்று நிற்பது அதனால்தான். இணையத்தில் மட்டும் வெளியாகும் கட்டுரைகளை 2012 முதல் விதி ஏற்கிறது. ஆனால் சூபேங்க் என்ற பதிவகத்தில் அக்கட்டுரை பதிவாகியிருக்க வேண்டும்.

விதி சொல்லாத ஒன்று உண்டு: எவ்வளவு வேறுபாடு இருந்தால் பேரினம்? அதற்கு அளவுகோல் கிடையாது. இனம் என்பதற்கு இயற்கையில் ஓரளவு எல்லை உண்டு, தம்முள் இனப்பெருக்கம் செய்யும் கூட்டம் அது. பேரினமோ ஆய்வாளரின் தீர்ப்பு. இவையெல்லாம் ஒரே மூதாதையின் வழிவந்தவை, அருகிலுள்ள வேறெந்தக் கூட்டத்தைவிடவும் தமக்குள் நெருங்கியவை என்ற கருதுகோள் அது. சீனாவில் டிரெக்கினி குகை வண்டுகள் 130 இனங்களுக்கு மேல் அறியப்பட்டிருந்த 2017-இல், அவை ஐம்பதளவு பேரினங்களில் பிரிந்து கிடந்தன. ஒரே இனம் கொண்ட பேரினங்கள் அவற்றில் நிறைய. ஆய்வாளர்களின் பெயர்மோகம் என்று இதைத் தள்ளிவிடுவது எளிது, ஆனால் நியாயமல்ல. உவேனோ, வாங் என்ற ஆய்வாளர்கள் குவாங்சிக்கு அண்டை மாநிலமான குய்சோவிலிருந்து சைனஃபீனாப்ஸ் என்ற குகை வண்டுப் பேரினத்தை விவரித்தது 1991-இல்தான். அதற்குப் பிந்தைய கால் நூற்றாண்டில் எட்டப்பட்ட குகைகள், தென்சீனக் குகைகளில் ஒரு சிறு பகுதி. இடைப்பட்ட வடிவங்கள் கிடைக்காதவரை தனித்து நிற்பதைத் தனியே வைப்பதே நேர்மை. நாளை டிஎன்ஏ சான்று இரண்டை இணைத்தால் இணைத்துக்கொள்ளலாம். தவறாக ஒன்றாக்கப்பட்ட வம்சங்களைப் பிரித்தறிவது அதைவிடக் கடினம், நியாஃபீனாப்ஸ் அதற்கு முக்கால் நூற்றாண்டு காத்திருந்தது.

இத்தனை வம்சங்கள் இவ்வளவு சிறிய பரப்பில் தனித்து வாழ நிலவமைப்பே காரணம். மழைநீர் கரைத்த சுண்ணாம்புக்கல் நிலம் தொடர்ச்சியாகத் தோன்றினாலும், இடையே ஓடும் ஆறும் கரையாத பாறைத் திட்டும் அதை அறைகளாகப் பிரிக்கின்றன. சிறகில்லாத, ஈரமற்ற காற்றில் தாங்காத வண்டுக்கு ஒரு மணற்பாறை மேடு கடலுக்குச் சமம். மறுபுறம், மனிதர் நுழையும் குகை மட்டுமே இவற்றின் வாழிடம் என்பதும் சரியல்ல. பிரெஞ்சு ஆய்வாளர் கிறிஸ்தியான் ஜுபெர்த்தியும் உடன் உழைத்தவர்களும் 1980-இல் காட்டியபடி, மலைச்சரிவுகளில் மண்ணுக்குக் கீழே கற்சல்லிகளின் இடுக்குகளிலும் இத்தகைய வண்டுகள் திரிகின்றன. குகை என்பது அந்தப் பெரிய பிளவு வலையில் மனிதர் எட்டிப் பார்க்கக்கூடிய அகன்ற இடம் மட்டுமே. ஒரு பேரினம் ஒன்றிரண்டு வண்டுகளால் மட்டும் அறியப்படுவதன் விளக்கமும் இதில் ஒரு பகுதி இருக்கிறது.

உயிருள்ள வண்டின் நடத்தை வெகுசில இனங்களிலேயே நன்கு அறியப்பட்டுள்ளது. மாமத் குகையின் நியாஃபீனாப்ஸ் அவற்றில் முதன்மையானது. அக்குகையின் ஹடனீகஸ் வெட்டுக்கிளி இரவில் வெளியே சென்று மேய்ந்து, உள்ளே திரும்பி, மணலில் முட்டையிடுகிறது. வண்டு மணலைத் துருவி, குழி தோண்டி, முட்டையின் ஓட்டைத் துளைத்துச் சத்தை உறிஞ்சுகிறது. தன் உடலோடு ஒப்பிட முட்டை பெரிது. அதைத் தின்று முடித்த வண்டின் வயிறு, மேலுறைச் சிறகுகளுக்கு வெளியே பிதுங்கி நிற்கும். டெக்சாஸ் குகைகளில், டிரெக்கினியல்லாத ராடைன் என்ற தரைவண்டும் அங்குள்ள வேறொரு குகை வெட்டுக்கிளியின் முட்டைகளை இதே முறையில் தோண்டித் தின்கிறது. உடலைப் போலவே தொழிலும் தனித்தனியே இருமுறை தோன்றியிருக்கிறது. வேட்டையாடும் முறையையும் உறவின் சான்றாகக் கொள்ள முடியாது.

பெயர் சூட்டப்படுவது இவ்வண்டுகளுக்கு எப்போதும் பாதுகாப்பாக அமைவதில்லை. ஸ்லோவேனியாவில் சில குகைகளில் மட்டும் வாழும் ஓர் அனோஃப்தால்மஸ் இனத்துக்கு, ஆஸ்கார் ஷைபெல் 1937-இல் ஹிட்லரின் பெயரைச் சூட்டினார். வண்டில் அக்கறையே இல்லாத, அந்தப் பெயருள்ள பொருளைத் தேடும் சேகரிப்பாளர்களால் அது இன்று சட்டத்துக்குப் புறம்பாகப் பிடிக்கப்படுகிறது. பெயரை மாற்றும் கோரிக்கைகள் எழுந்தபோது, அறநோக்கில் பெயர்களை மாற்றுவது பெயரிடலின் நிலைத்தன்மையைக் குலைக்கும் என்று 2023-இல் பன்னாட்டு விலங்கியல் பெயரிடல் ஆணையத்தின் உறுப்பினர்கள் மறுத்தனர். இடத்தை வெளியிடுவதிலும் இதே இடர்ப்பாடு உண்டு. மூலமாதிரி எங்கு கிடைத்தது என்பது அறிவியலுக்குத் தேவை. அதே குறிப்பு, அழுகிய இறைச்சியை இரையாக வைத்த குழிப்பொறிகளோடு வரும் வணிகருக்கும் வழிகாட்டும். இவற்றைவிடப் பெரிய அழிவு சுண்ணாம்புக்கல் வெட்டுதலிலும், குகைக்குள் இறங்கும் கழிவுநீரிலும், காடழிந்து மேலிருந்து வரும் இலைதழை நின்றுபோவதிலும் நடக்கிறது. ஒரு குகையோடு முடியும் இனத்துக்கு அந்தக் குகை கெட்டால் வேறிடம் இல்லை.

கென்டக்கியின் டேட்டம் குகையில் வாழ்ந்த சூடானோஃப்தால்மஸ் பார்வஸ் கடைசியாகக் காணப்பட்டது 1965-இல். கார்ல் கிரெகெலர் அதை விவரித்துப் பெயரிட்டது 1973-இல். பின்னர் நடந்த தேடல்களில் ஒரு வண்டும் கிடைக்கவில்லை. 2016-இல் அமெரிக்க மீன், வனவிலங்குப் பணித்துறை அது அழிந்துவிட்டதாக முடிவுகட்டி, பாதுகாப்புக்குப் பரிசீலிக்கப்படும் இனங்களின் பட்டியலிலிருந்து நீக்கியது. பெயர் பெறுவதற்கு எட்டு ஆண்டுகளுக்கு முன்பே அது கடைசியாகப் பார்க்கப்பட்டுவிட்டது.